எதிர்க்கடை நாற்காலிகள்

எங்கள் வீட்டில் முந்நூறு நாற்காலிகள் உண்டு. வந்தவர் உட்காரத்தான் இடம் இருக்காது. அத்தனையையும் மடித்து, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்போம். கீழே கடை, மேலே வீடு, நடுவில் மாடிப்படி. அந்த மாடிப்படியிலும் பாதியை மேசைக்கால்கள் பிடித்துக்கொண்டிருக்கும். கல்யாணம், பிறந்த நாள், பள்ளி விழா, கடைத் திறப்பு என்று ஊரில் எது நடந்தாலும் நாற்காலி, மேசை, விரிப்பு, உறை என்று வாடகைக்குக் கொடுப்பது எங்கள் தொழில். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் துவைத்துப் போட்ட வெள்ளைத் துணியை எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண், தன் கல்யாணத்துக்கு எதிர்க்கடையிலிருந்து நாற்காலி வாடகைக்கு எடுக்கப்போகிறேன் என்று சாப்பிட்டுக்கொண்டே அலட்டிக்கொள்ளாமல் சொன்னால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? என் கணவருக்குப் புரையேறிவிட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எனக்கு அது அடிக்கடி வரும் என்பது வேறு விஷயம்.

"எதிர்க்கடையா? அந்த ரிப்பன்கிட்டயா?" என்றார் இவர், தண்ணீர் குடித்து மூச்சு திரும்பியதும்.

ரிப்பன் என்பது எதிர்க்கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர். மனிதர் எதைக் கண்டாலும் ரிப்பன் கட்டுவார். நாற்காலிக்கு, மேசைக்கு, தூணுக்கு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் நமக்கும் ஒன்று கட்டிவிடுவார். "நாற்காலிக்கு ஜடை பின்னி அனுப்பறான் பாரு" என்று இவர் மாடியிலிருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான். பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் அங்கே எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று இவரும், இங்கே என்ன நடக்கிறது என்று அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

"ஆமாம்பா, அவர்கிட்டதான். நாற்காலி, மேசை, போடறது, எடுக்கறது எல்லாமே அவர் ஆளுங்க" என்றாள் குட்டி.

குட்டி என்பதும் வைத்த பெயர்தான். அப்பாவைவிட அரைச் சாண் உயரமாக வளர்ந்த பிறகும் அது மாறவில்லை. மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் பொருள் விற்க வருகிறவர்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போவார்கள் என்று கேள்வி. மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். நாள் முழுக்க 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று அடுத்தவரைக் கேட்டுக் கேட்டு, தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் பழக்கமே அவருக்கு விட்டுப்போய்விட்டது. குட்டிக்கு அது மிகவும் வசதி.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். வெள்ளைக் கல்யாணம், அதாவது வெள்ளைக் கவுன், மோதிரம், பதிவாளர் முன்னால் உறுதிமொழி. பழைய பாணியில், பார்க்க அமைதியாக, பளிச்சென்று. தாங்கள் சேர்த்து வைத்ததற்குள் முடிக்க வேண்டும், கடன் வாங்கக் கூடாது, எங்களிடமும் கையேந்தக் கூடாது. கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளையைப் பற்றி என் மகள் என்னிடம் பாடம் எடுக்கிறாள்.

எங்கள் தொழிலில் வெள்ளை மூன்று வகை. புது வெள்ளை, துவைத்த வெள்ளை, தூரத்து வெள்ளை. மூன்றாவது, தூரத்திலிருந்து பார்த்தால் மட்டும் வெள்ளை. காபிக் கறை, சாஸ் கறை, உதட்டுச் சாயம் எல்லாம் போராடித் தோற்று, நீலம் போட்டு ஒருவாறு சமாதானமான துணி. அதைக் கடைசி வரிசைக்குத்தான் போடுவோம். கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் கண் எப்போதும் சாப்பாட்டு அறைக் கதவின் மேல் இருப்பதால் யாரும் கண்டுபிடித்ததில்லை.

குட்டி செலவைக் குறைத்த விதத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மனதுக்குள் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரும் சனி ஞாயிறுக்கு அடித்துக்கொள்ளும்போது இவள் செவ்வாய்க்கிழமை காலையைப் பிடித்தாள். நகராட்சியின் பழைய கூடம், பாதி வாடகைக்கு. உயரமான ஜன்னல்கள் உள்ள இடம், காலை வெளிச்சம் உள்ளே வந்து கொட்டும், அதனால் விளக்கு அலங்காரச் செலவு மிச்சம். அந்தப் பருவத்தில் எந்த வெள்ளைப் பூ மலிவோ அது ஒன்றே ஒன்று. பத்து வகை பூவைக் கலந்து கட்டுவதைவிட அதுதான் அழகு என்றாள். கேக் ஒரே அடுக்கு. எங்கள் ஊர் பேக்கரியில் ஐந்து அடுக்குக் கேக்குக்கு மேல் அடுக்கு மட்டும்தான் கேக், கீழே இருப்பதெல்லாம் தெர்மாகோல். "நான் தெர்மாகோலை வெட்டிச் சிரிச்சுப் படம் எடுத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

கவுன் கதை தனி. கடைக் கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக்கு மாட்டி வைத்திருந்த கவுனை, பொம்மை போட்டுப் பழசாக்கிவிட்டது என்று வாதாடி மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி வந்தாள். பொம்மைக்கு மூச்சு விட வேண்டிய அவசியம் இல்லை, இவளுக்கு உண்டு என்பதால் தையல்காரம்மாவிடம் கொடுத்து இடுப்பைக் கொஞ்சம் பிரித்துத் தைத்தோம்.

சம்பந்தியம்மாதான் சற்று முட்டுக்கட்டை போட்டார். நல்ல மனுஷி, ஆனால் எதைச் செய்தாலும் நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும். மோதிரம் மாற்றும் நேரத்தில் வெள்ளைப் புறா பறக்கவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"புறாவுக்கு வாடகை குடுக்கணும் அத்தை. பறந்து போனா திரும்பி வருமா?" என்று குட்டி கேட்டாள்.

"வரும்மா, பழக்கின புறா."

"வரலைன்னா?"

சம்பந்தியம்மா யோசித்தார். "முன்பணம் போயிடும்" என்றார் மெதுவாக. புறா அத்தோடு போய்விட்டது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற பெண்தான், வீட்டில் முந்நூறு நாற்காலி சும்மா கிடக்க, எதிராளிக்குப் பணம் கொடுத்து எண்பது நாற்காலி எடுப்பேன் என்று நிற்கிறாள். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு, கீழே போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பிரித்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். இவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். நான் கத்துவேன், இவர் அடுக்குவார். இந்த வீடு ஓடுவது அப்படி.

மறுநாள் துணி தேய்க்கும் அறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். விருந்தினர் மேசைக்கான துடைப்புத் துணிகளை அவளே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சாடி? அப்பா மூஞ்சியப் பாத்தியா? அந்த ரிப்பன் நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கே நம்ம நாற்காலிதான்னு போர்டு எழுதி மாட்டுவான்."

"எழுதட்டும்."

"எழுதட்டுமா! என்னடி இது, கவுன்ல மிச்சம் பிடிச்ச காசைக் கொண்டுபோய் அவன் வாயில போடற?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அம்மா, நான் பட்டம் வாங்கினப்போ அப்பா எங்க இருந்தார்?"

"எங்க இருந்தார்னா? அங்கதான் இருந்தார். அவர் போட்ட நாற்காலிலதான் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தாங்க."

"அவர் உட்காந்தாரா?"

தேய்த்து முடித்த துணிகளை நான் எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"மேடைக்குப் பின்னாடி நாற்காலி அடுக்கிட்டிருந்தார். என் பேரைக் கூப்பிட்டாங்க, நான் போய் வாங்கினேன், திரும்பிப் பாத்தேன், நீ மட்டும்தான் கை தட்டற. பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம், பாட்டுப் போட்டி, நாடகம், எதுக்குப் பாத்தாலும் நாற்காலி அப்பாதான். அதுவும் என் பள்ளிக்கூடம்னு காசு வாங்காம போடுவார். எல்லாத்துக்கும் வந்தார்மா. எதையுமே பாக்கலை."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் கண்ணில் வாடகைக் கடை ஆட்கள் படக் கூடாது. எல்லாம் போட்டு முடித்து, கடைசி உறையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, மணப்பெண் வரும் வண்டி தெருமுனையில் தெரிந்ததும் வாசலில் நிற்கிறவன் "வண்டி வந்தாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பான். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் பின்கதவு வழியாக ஓடி, எங்கள் வண்டியில் ஏறி மறைந்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து கூடம் காலியான பிறகு வந்து மடிப்போம். ஆயிரக்கணக்கான கல்யாணத்துக்கு நாற்காலி போட்ட என் கணவர் ஒரு கல்யாணத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட நாற்காலி பற்றாமல் பாதியில் எழுந்து போனார்.

"நம்ம நாற்காலியப் போட்டா அப்பா உட்கார மாட்டார்" என்றாள் குட்டி. "என் கூட கையைப் பிடிச்சிட்டு நடந்து வரணும். முதல் வரிசைல உட்கார்ந்து கடைசி வரைக்கும் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பூவைக்கூட வேணா நிறுத்திக்கலாம்."

அவள் குரல் உடைந்தது. எனக்கும் உடைந்துவிடும் போலிருந்தது, அதனால் துடைப்புத் துணி சரியாகத் தேய்க்கவில்லை என்று அவளைத் திட்டிவிட்டுக் கீழே போனேன்.

இவர் இன்னும் அடுக்கிக்கொண்டுதான் இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்க பொண்ணு உங்களை அவமானப்படுத்தலைங்க. கல்யாணத்துக்குக் கூப்பிடறா. இத்தனை வருஷத்துல உங்களை ஒருத்தர் விருந்தாளியாக் கூப்பிடறது இதான் முதல் தடவை. வருவீங்களா, மாட்டீங்களா?" என்றேன்.

கையில் வைத்திருந்த நாற்காலியை இவர் கீழே வைக்கவும் இல்லை, மேலே ஏற்றவும் இல்லை. பிறகு அதை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்தார். நானும் பின்னாலேயே போனேன், சண்டை வந்தால் விலக்க. உண்மையைச் சொன்னால், வேடிக்கை பார்க்க.

எங்களைக் கண்டதும் ரிப்பன் கல்லாவை மூடினார். உளவு பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டியதும் கொஞ்சம் நம்பினார்.

"என்ன அண்ணே, உங்க கடை சரக்குக்கு என்ன ஆச்சு?"

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு எனக்கு வேலை இல்லை" என்றார் இவர் விறைப்பாக.

பிறகு சரக்குப் பார்க்கும் படலம் ஆரம்பித்தது. இவர் ஒரு நாற்காலியை எடுத்து உட்கார்ந்து இடப்பக்கம் ஆட்டினார், வலப்பக்கம் ஆட்டினார், எழுந்து அதன் காலைத் தட்டினார். உறையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். "கடைசி வரிசைக்கு என்ன வெள்ளை போடுவீங்க?" என்று கேட்டார், மிகவும் சாதாரணமாக.

"எல்லா வரிசைக்கும் ஒரே வெள்ளைதான் அண்ணே" என்றார் ரிப்பன், அதைவிடச் சாதாரணமாக.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ரிப்பனுக்குத்தான் சிரிப்பு வந்தது. இவரும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அத்தனை வருஷப் பகை அங்கே பாதி கரைந்தது. மீதிப் பாதி வாடகை பேசும்போது திரும்பி வந்தது. கடைசியில் தொழில்காரனுக்குத் தொழில்காரன் விலை என்று ரிப்பன் நன்றாகவே குறைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும். பொண்ணு ரிப்பன் வேண்டாம்னுடுச்சு" என்றேன் நான்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "ஒண்ணுகூடவா? முதல் வரிசைக்காவது?"

"ஒண்ணுகூட."

"மொட்டையா இருக்குமேம்மா" என்றார், மனம் தாங்காமல்.

கல்யாணத்தன்று காலை இவரைக் கோட்டு சூட்டுக்குள் திணித்து, கைபேசியைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மணப்பெண்ணை அழைத்து வரும் பொறுப்பு எங்கள் கடை வண்டியை ஓட்டும் கொழுந்தனுக்கு. அன்று நல்ல கார் ஒன்றை இரவல் வாங்கியிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே கூடத்துக்குப் போய்விட்டோம். திட்டம் எளிமையானது. இவர் வாசலில் நிற்க வேண்டும், கார் வந்ததும் கதவைத் திறக்க வேண்டும், மகளின் கையைப் பிடித்து உள்ளே நடக்க வேண்டும். ஒரு குழந்தை செய்துவிடும்.

கூடம் அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் வெளிச்சம், வெள்ளை உறைகள், ஒரே வகைப் பூ. உள்ளே வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசத் தோன்றியது. சம்பந்தியம்மாகூட "புறா இல்லாமலே நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் முன்னால் போய் நின்றுகொண்டு, "அத்தை, டை நேரா இருக்கா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

ரிப்பனும் அவருடைய ஆட்கள் நாலு பேரும் கடைசி வேலையில் இருந்தார்கள். இவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய விரல்கள் துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"அந்த உறை சுருங்கியிருக்கு" என்றார்.

"இருக்கட்டும்."

"மூணாவது வரிசை கொஞ்சம் வெளிய வந்திருக்கு."

"வரட்டும். நீங்க விருந்தாளி."

பூங்கொத்தைக் கொண்டுவந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். நான் திரும்பி நாலு வார்த்தைதான் பேசியிருப்பேன். அதற்குள் மனிதர் நான்காவது வரிசையில் மண்டி போட்டு, ஆடுகிற ஒரு நாற்காலியின் காலுக்கு அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்தார். நான் அவரை நோக்கி நடக்கத் தொடங்கினேன். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற ரிப்பனின் ஆள் தெருமுனையைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தான்.

"வண்டி வந்தாச்சு!"

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நாலு ஆட்கள், ரிப்பன், அவர்களோடு கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு என் கணவர், ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு பின்கதவை நோக்கி ஓடினார்கள். ஓடியவர்களில் முதலில் கதவைத் தாண்டியவர் இவர்தான். "என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்துக்குக் கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பினார்கள், இவரைத் தவிர. நான் பின்வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் எதிர்க்கடை வண்டி புகையைக் கக்கிக்கொண்டு மூலை திரும்பிவிட்டது.

பெண்ணைப் பெற்றவர் பெண்ணின் கல்யாணத்திலிருந்து எதிராளியின் வண்டியில் ஏறி ஓடிப்போனார் என்பதை இந்த உலகத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? முதலில் அவருடைய கைபேசிக்கு அடித்தேன். என் கைப்பை பாடியது.

முன்வாசலில் குட்டி காரிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். என் மகள் அவ்வளவு அழகாக இருப்பாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"வந்துட்டே இருக்கார்."

"எங்கேர்ந்து?"

எனக்குப் பொய் சொல்ல வராது, வந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். நடந்ததைச் சொன்னேன். கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான், தோள் குலுங்கியது. குட்டி சிரிக்கவில்லை. "இன்னிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு வார்த்தையில் இவரை நான் கட்டி வைத்து உதைக்கத் தயாராகிவிட்டேன்.

பதிவாளர் அம்மா வெளியே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவருக்கு அடுத்தாற்போல் வேறு ஒரு கல்யாணம் இருந்தது. கொழுந்தன் முகத்தைச் சரி செய்துகொண்டு, "அண்ணி, வேணும்னா நான் கூட்டிட்டுப் போகவா?" என்றான். சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரரை அனுப்புவதாகச் சொன்னார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

"வேண்டாம். நான் இங்கயே நிக்கறேன்" என்றாள் குட்டி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிப்பனின் தொலைபேசி எண் எனக்குத் தெரியும். அவர் கடைப் பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதி, என் சமையலறை ஜன்னலுக்கு நேராகத்தான் மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டேதான் இத்தனை வருஷமாகக் காய்கறி நறுக்குகிறேன்.

"ரிப்பன் அண்ணனா?" பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"ஆமா, யாரு?" என்றார் அவர். அவருக்கே தெரிந்திருக்கிறது.

"உங்க வண்டிக்குள்ள என் வீட்டுக்காரர் இருக்காரான்னு பாருங்க."

"எங்க வண்டிலயா? நாங்க அஞ்சு பேரும் முன்னாடி இருக்கோம். உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா..." வண்டி நிற்கும் சத்தம் கேட்டது, பிறகு பின்கதவு திறக்கும் சத்தம். "இருக்கார்மா. விரிப்பு மூட்டை மேல உட்கார்ந்திருக்கார்."

எதிர்க்கடை வண்டி முன்வாசலுக்கே வந்து, வெள்ளைப் பூ கட்டிய காருக்குப் பின்னால் நின்றது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. இவர் கோட்டோடு இறங்கினார். முழங்காலில் அழுக்கு, தலையில் நூல். நான் கோட்டைப் பிடுங்கி மாட்டிவிட்டு, அழுக்கைத் தட்டுகிற சாக்கில் நன்றாகவே நாலு தட்டுத் தட்டினேன்.

"நீங்க ஏறினது எங்களுக்குத் தெரியலை, சரி. சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னோமே அண்ணே, கதவைத் தட்டியிருக்கலாமே" என்றார் ரிப்பன், அப்பாவியாக.

இவர் மகளின் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினார். ஆனால் முகம் கூடத்துக்குள் இருந்தது.

"மூணாவது வரிசை இன்னும் சரி பண்ணலை" என்றார்.

"அப்பா, என்னைப் பாருங்க."

"பாத்தேன்மா. நல்லா இருக்கு."

"எங்க பாத்தீங்க? வந்ததுலேர்ந்து நாற்காலியத்தான் பாக்கறீங்க. சிக்னல்ல ஏன் இறங்கலை?"

"ஏறினது பழக்க தோஷம்மா, சத்தியமா. வண்டி நகந்ததும் தெரிஞ்சுபோச்சு. தட்டணும்னுதான் கையைத் தூக்கினேன். முடியலை."

"ஏன்?"

"உன்னைப் பாத்தா அழுதுடுவேன். எனக்குத் தெரியும். நாற்காலியப் பாத்துட்டிருந்தா வராது."

"பட்டம் வாங்கினப்போ?" என்றாள்.

"அப்பவும் அதான். மேடைக்குப் பின்னாடி துணி இடுக்கு வழியா உன் காலு மட்டும் தெரிஞ்சுது. அதுக்கே தாங்கலை. அந்தப் பாட்டுப் போட்டில கதவுக்கு வெளிய நின்னு முழுசாக் கேட்டேன். உள்ள வந்திருந்தா மானம் போயிருக்கும்."

இத்தனை வருஷம் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வேலைப் பைத்தியம் என்று வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். அவர் அடுக்கிய நாற்காலிகளில் எத்தனை கோபத்துக்கு, எத்தனை இதற்கு என்று எனக்குத் தெரியவே இல்லை.

குட்டி பூங்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அழுங்கப்பா. அதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணி நாற்காலி எடுத்திருக்கேன்."

இவர் அவளைப் பார்த்தார். உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துச் சமாளித்தார், பிறகு அது கையை மீறிவிட்டது. சத்தம் போட்டு அழுதார். அழுதுகொண்டே கையை நீட்டினார், அவள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் உள்ளே நடந்தார்கள். விருந்தினர் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ரிப்பனும் ஆட்களும் வண்டியில் ஏறாமல் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்கள், அவர்களை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வரிசையைத் தாண்டும்போது நான் இவரையேதான் கவனித்தேன். அது உண்மையிலேயே ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இவருடைய கால் அதில் இடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதிவாளர் அம்மா குரலை உயர்த்தித்தான் உறுதிமொழி வாசிக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை சொன்னது ஒருவருக்கும் காதில் விழவில்லை. இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு கல்யாணத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் அழுதுகொண்டே பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன், பிறகு எனக்கே வேண்டியிருந்ததால் திருப்பி வாங்கிக்கொண்டேன்.